கோர்வைக்கு உட்கார்ந்தவர் எங்கே போனார்?

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தறிதான். தார் சுற்றிக்கொண்டே ஏதேதோ யோசிப்பேன். நோட்டைத் திறந்தால் ஒரு வரி வருவதில்லை. கோயிலையும் பட்டையும் விட்டால் எங்கள் ஊரில் எழுத என்ன இருக்கிறது? எழுத்தாளர்களுக்குக் கதைக்கரு எங்கிருந்துதான் கிடைக்கிறது?
- ஒரு வாசகி, பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்

பதில்: கும்பகோணத்தில் எம்.வி. வெங்கட்ராம் என்று ஓர் எழுத்தாளர் இருந்தார். 1920இல் சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்தவர். பட்டு ஜரிகை வியாபாரம் செய்தவர். அவருடைய 'வேள்வித் தீ' நாவலை நூலகத்தில் தேடிப் படியுங்கள். நெசவாளர் வாழ்க்கைதான் கதை. தான் தினமும் புழங்கிய உலகத்தையே எடுத்து எழுதினார். அதே மனிதர் 'நித்ய கன்னி'க்காக மகாபாரதத்துக்குப் போனார். குரு கேட்ட குதிரைகளுக்காக ஒரு சீடன் மாதவி என்ற பெண்ணை ஒவ்வொரு அரசனிடமாக ஒப்படைத்த கதையை எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் மனசு என்ன பாடுபட்டிருக்கும் என்று இவர் கேட்டார். அப்புறம் 'காதுகள்'. தன் காதுக்குள் ஓயாமல் ஒலித்த குரல்களோடு பல வருஷம் அல்லாடியவர், அந்த வேதனையையே நாவலாக்கினார். 1993இல் அதற்குச் சாகித்ய அகாதெமி பரிசு கிடைத்தது.

தொழில், புராணம், சொந்த உடம்பு என்று மூன்றும் மூன்று திசை. ஆனால் மூன்றிலும், தன்னை உறுத்திய இடத்தை விட்டு அவர் நகரவில்லை. கரு என்று நான் நம்புவது அந்த உறுத்தலைத்தான்.

இப்போது உங்கள் வீட்டுத் தறிக்கு வருவோம். உடலையும் கரையையும் நெய்யும்போதே கோர்க்கிற கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா வேண்டும். உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் இரண்டு. நெய்கிறவருக்கு இரண்டு கைதான். அதனால் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து ஒரு கரை நாடாவைப் போட வேண்டும். ஓர் இழையில் அவர் கை தவறினாலும் உடலும் கரையும் சேராது. எத்தனையோ வருஷம் அந்த இடத்தில் உட்கார்ந்தது வீட்டுப் பிள்ளைகள். பள்ளிக்கூடம் போகாமல் உட்கார்ந்தவர்களும் உண்டு. இன்று பிள்ளைகள் படிக்கிறார்கள், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி பஸ் ஏறிப் போகிறார்கள். போகத்தான் வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஆனால் நான் போயிருந்த ஒரு வீட்டில் தறிக்காரர் ஒரு வரி நெய்துவிட்டு, பழக்கத்தில் வலப்பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே ஆள் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு மறுபடி மிதியை மிதித்தார். வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு அந்தத் திரும்பல்தான் ஞாபகம்.

பட்டு நெய்கிறவன் தன் மகளுக்கு ஒரு பட்டுச்சேலை எடுக்க முடியாத கொடுமையைப் பிரியதர்ஷன் 'காஞ்சிவரம்' படத்தில் காட்டிவிட்டார். அதனால் உங்கள் தெருவின் கதை தீர்ந்துவிட்டதாக நினைக்காதீர்கள். ஐப்பசி மழையில் தறிக்குழியில் தண்ணீர் ஊறி வேலை நிற்கிற நாட்களில் வீட்டுக்குள் யார் யாரோடு பேசுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும், சினிமாக்காரர்களுக்குத் தெரியாது.

கோயிலையும் ஏன் ஒதுக்குகிறீர்கள்? கோயில் குளமான அனந்தசரஸிலிருந்து நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை வெளியே வரும் பெருமாள் அத்திவரதர், 1979இல் எழுந்தருளினார். அப்புறம் 2019இல் 48 நாள். ஜூலை முழுக்கச் சயனக் கோலம், ஆகஸ்டில் 17 நாள் நின்ற கோலம். அடுத்தது 2059. 1979இல் பாட்டியின் இடுப்பில் இருந்து பார்த்த குழந்தை, 2019இல் தன் அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போயிருப்பாள். அந்தக் கூட்டத்தில், அடுத்த தடவைக்கு நாம் இருப்போமா என்று மனசுக்குள் கணக்குப் போடாதவர் எத்தனை பேர்? தாயும் மகளும் ஒரே வரிசையில் காத்திருந்து, ஒருவருக்கொருவர் சொல்லாமல் அந்தக் கணக்கைப் போடுகிறார்கள் என்று வையுங்கள். எனக்கு இப்போதே எழுதக் கை துறுதுறுக்கிறது. ஆனால் அது உங்கள் ஊர், நீங்களே எழுதுங்கள்.

இந்த வாரம் நோட்டைத் திறக்க வேண்டாம். வீட்டில் பெரியவர் ஒருவர் தறியை விட்டு எழுந்து, டீ குடிக்க உட்காரும் நேரம் பாருங்கள். உங்கள் வீட்டில் கடைசியாகக் கோர்வைக்கு உட்கார்ந்தது யார், எந்த நாளில் எழுந்து போனார் என்று கேளுங்கள். பதில் சொல்லும்போது அவர் கை என்ன செய்கிறது என்று கவனியுங்கள். அதை முதல் பாராவாக எழுதி எனக்கு அனுப்புங்கள்.