ஹாஷ் வரிக்கு ஏன் அரைப்புள்ளி இல்லை?

கேள்வி: சி நிரலில் அரைப்புள்ளியை விட்டால் திட்டு விழுகிறது. 'ஹாஷ் இன்க்ளூட்', 'ஹாஷ் டிஃபைன்' வரிகளுக்கு மட்டும் ஏன் விலக்கு? இவற்றைக் கொண்டுவந்தது யார்? தமிழிலும் எழுதலாமா?
– கல்லூரி மாணவி, திமிரி

பதில்: பிறந்தபோது அந்த வரிகள் சி மொழியில் சேர்த்தியே இல்லை. கம்பைலர் கைக்கு நிரல் போகுமுன் பிரீபிராசஸர் அவற்றைப் படித்து, சொன்னதைச் செய்து, இடத்தைக் காலி செய்துவிடும். உங்கள் பக்கத்து ராணிப்பேட்டை டேனரிகளில் பதனிடுமுன் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து முடி களைவார்களே, அந்தக் கட்டம்.

பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி சி மொழியை வளர்த்துக்கொண்டிருந்த 1972–73 வாக்கில், ஆலன் ஸ்னைடரின் வற்புறுத்தலால் சேர்ந்த ஒட்டு இது. ஒரு கோப்புக்குள் இன்னொன்றை இழுத்துக்கொள்ளும் வசதி பிசிபிஎல், பிஎல்/1 மொழிகளில் முன்பே இருந்தது. அதன் பயனையும் ரிட்சி கண்டிருந்தார். முதலில் வந்தவை இன்க்ளூடும், எளிய டிஃபைனும் மட்டுமே. மற்றவை பெரும்பாலும் மைக் லெஸ்க், அவருக்குப் பின் ஜான் ரைசர் கைவண்ணம். சில ஆண்டுகள்வரை, கோப்பின் தொடக்கத்தில் தனி அடையாளம் இல்லாவிட்டால் பிரீபிராசஸர் எட்டிக்கூடப் பார்க்காது! 1989-இல் வந்த அமெரிக்கத் தரநிர்ணயத்தில் இதற்கும் முறையான இடம் கிடைத்தது.

பழக்கதோஷத்தில் 'டிஃபைன் பை 3.14' என்பதற்குப் பின்னால் அரைப்புள்ளி வைத்துப் பாருங்கள். அந்த வரியில் ஒரு குறையும் தெரியாது. பையை ஆரத்தின் வர்க்கத்தால் பெருக்கும் வரியில் 3.14-உடன் அரைப்புள்ளியும் போய் உட்கார்ந்து, வாக்கியத்தை நடுவில் வெட்டிவிடும். லேபில் பாதி நேரம் இதைத் தேடியே போகும்.

டிஃபைனை வைத்து மொழியின் முகத்தையே மாற்றவும் செய்தார்கள். 1979-இல் வெளியான ஏழாம் பதிப்பு யுனிக்ஸின் ஷெல்லை எழுதிய ஸ்டீவ் போர்ன், சி நிரலை ஆல்கால் 68 போலத் தோன்றவைத்தார். கெட்டிக்காரத்தனம்தான், படிப்பவர்களுக்குத்தான் தலைவலி. குழப்பமான சி நிரல்களுக்கென்றே 1984-இல் ஒரு போட்டி தொடங்க அதுவும் காரணம்.

தமிழுக்கு வருவோம். பெயர்களில் வரலாம் என்று 1999 தரநிர்ணயம் பட்டியலிட்ட எழுத்துகளில் தமிழும் உண்டு. 2020-இல் வந்த ஜிசிசி 10 முதல் அவற்றை நேரடியாகவே தட்டச்சு செய்யலாம். ஆகவே 'எனில்' என்று எழுதி அதை 'இஃப்' ஆக்க ஒரு டிஃபைன் போதும். 'டிஃபைன்' என்ற சொல்லை மட்டும் இப்படித் தமிழாக்க முடியாது. ஹாஷை அடுத்து வரும் கட்டளைச் சொல்லைப் பிரீபிராசஸர் மாற்றிப் பார்ப்பதில்லை. முழுக்கத் தமிழ்தான் வேண்டுமென்றால், முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' நிரல்மொழியைப் பாருங்கள்.