பிழைத்து வந்த குட்டியும் நீயும்

அன்புள்ள தங்கைக்கு,

டிஸ்டெம்பர் வந்து பிழைத்த நாய்க்குட்டி ஒன்றை, நிரந்தர வீடு கிடைக்கும்வரை உன்னிடம் வைத்துப் பார்த்துக்கொள்ளப் போவதாக எழுதியிருந்தாய். இடது முன்னங்கால் ஓயாமல் வெட்டி இழுக்கிறது, வலிப்பும் வருகிறது என்றும் எழுதியிருந்தாய். பலர் வேண்டாமென்று ஒதுக்கும் குட்டியை ஏற்க முன்வந்திருக்கிறாய். எனக்குப் பெருமையாக இருக்கிறது. இந்த வேலைக்கு இரக்கம் வேண்டும், அதைவிட அதிகமாக ஒழுங்கு வேண்டும். அந்த ஒழுங்கைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் நோயைத் தெரிந்துகொள். டிஸ்டெம்பருக்குக் காரணம் ஒரு வைரஸ் என்று 1905இல் கண்டு சொன்னவர் ஆன்ரி காரே என்ற பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர். மனிதர்களுக்குத் தட்டம்மை தரும் வைரஸும் இதே இனம்தான். ஆனால் டிஸ்டெம்பர் நாயிடமிருந்து நமக்குத் தொற்றுவதில்லை. காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் சளி, வயிற்றுப்போக்கு என்று தொடங்கும். அதெல்லாம் அடங்கி, குட்டி தேறிவிட்டது என்று நிம்மதி அடையும் வேளையில், சில வாரங்களோ மாதங்களோ கழித்து, மூளையிலும் தண்டுவடத்திலும் ஏற்பட்ட சேதம் வெளியே தெரியும். கால் வெட்டுவதும் வலிப்பும் அதனால்தான். கால் வெட்டு தூக்கத்தில்கூட நிற்காது. பெரும்பாலும் ஆயுள் முழுக்க இருக்கும். அதோடு ஓடியாடி, தின்று, விளையாடி வாழும் நாய்கள் நிறைய உண்டு.

குட்டி வீட்டுக்குள் வருமுன் சிலவற்றை மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்துகொள். நரம்புக் கோளாறு உள்ள தெருநாய் என்றால் வெறிநோய் இல்லை என்று அவர் உறுதியாகச் சொல்ல வேண்டும். நீயும் முன்கூட்டியே வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போ. பிழைத்த நாயின் உடலிலிருந்து டிஸ்டெம்பர் வைரஸ் பல வாரங்கள் வெளியேறக்கூடும். எனவே வீட்டில் வேறு நாய் இருந்தால் அதற்குத் தடுப்பூசி முழுமையாகப் போட்டாயிற்றா என்று பார். இரவில் எந்த மருத்துவமனை திறந்திருக்கும், செலவு யாருடையது என்பதையும் குட்டியை உன்னிடம் தரும் காப்பகத்தாரிடம் இப்போதே பேசிவிடு.

வலிப்பு வந்தால் முதல் வேலை கடிகாரத்தைப் பார்ப்பது. பதற்றத்தில் அரை நிமிடம்கூட அரை மணியாகத் தோன்றும். பக்கத்தில் உள்ள நாற்காலி, மேசையை நகர்த்து, படிக்கட்டுப் பக்கம் உருளாமல் பார்த்துக்கொள், விளக்கை அணை, சத்தத்தைக் குறை. வாயில் கை வைக்காதே. நாய் நாக்கை விழுங்கிவிடாது. உன் விரல்தான் போகும். தண்ணீர் புகட்டாதே. அக்கம்பக்கத்தார் சாவிக்கொத்தையோ இரும்பையோ கொண்டுவருவார்கள். அதனால் வலிப்பு நிற்காது. முடிந்தால் செல்போனில் படம் பிடி; மருத்துவருக்கு நீ வாயால் சொல்வதைவிட அது உதவும். பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடத்தில் தாமாக நின்றுவிடும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, ஒரே நாளில் இரண்டாவது முறை வந்தாலோ காத்திருக்காதே, உடனே தூக்கிக்கொண்டு ஓடு. நீண்ட வலிப்பில் உடல் சூடு ஆபத்தான அளவுக்கு ஏறும். நம் ஊர்க் கோடையில் அது இன்னும் வேகமாக நடக்கும்.

வலிப்பு நின்றபின் கண் தெரியாததுபோல் சுவரில் முட்டும், உன்னையே அடையாளம் தெரியாமல் உறுமும், அகோரப் பசியோடு அலையும். தெளியும்வரை குழந்தைகளை அருகில் விடாதே.

மருந்து விஷயத்தில்தான் பலர் தவறுகிறார்கள். வலிப்புக்கு வழக்கமாகத் தருவது பீனோபார்பிட்டோன். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். காலை ஏழு என்றால் இரவும் ஏழு. தொடக்கத்தில் குட்டி தள்ளாடும், அதிகம் தூங்கும். தாகமும் பசியும் கூடும், அடிக்கடி சிறுநீர் கழிக்கும். வீட்டுக்குள் போய்விட்டால் திட்டாதே, கூடுதலாக ஒருமுறை வெளியே கூட்டிப்போ. வலிப்பு வரவில்லையே என்று மருந்தை நீயாக நிறுத்தாதே. திடீரென நிறுத்தினால் முன்பைவிடக் கடுமையாக வரும். இரத்தத்தில் மருந்தின் அளவையும் கல்லீரலின் நிலையையும் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் சோதித்துக்கொள். சீட்டில்லாமல் கிடைக்காத மருந்து, எல்லாக் கடையிலும் இருக்காது. பண்டிகை விடுமுறைக்கு முன்பே வாங்கி வை. பொட்டாசியம் புரோமைடும் சேர்த்துக் கொடுத்தால் உணவில் உப்பு மாறக்கூடாது. ஒருநாள் கருவாடு, மறுநாள் உப்பில்லாச் சோறு என்று போனால் மருந்தின் அளவு ஏறி இறங்கும்.

வழுவழுப்பான டைல்ஸில் கால் வெட்டும் நாயால் நிற்கவே முடியாது. கோணியையோ பழைய ஜமுக்காளத்தையோ விரித்துவிடு. தீபாவளி வெடிச்சத்தத்துக்கு என்ன செய்வது என்று மருத்துவரிடம் முன்னதாகவே கேள்.

ஒரு நோட்டுப் போடு. வலிப்பு வந்த தேதி, நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது, அதற்குமுன் என்ன நடந்தது, எப்போது தெளிந்தது என்று எழுது. மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று மருத்துவர் முடிவெடுப்பது இதை வைத்துத்தான். நாளை குட்டியை ஏற்க வருபவர் கையில் நீ கொடுக்க வேண்டியதும் இந்த நோட்டுதான். "லேசாகக் கால் நடுங்கும், அவ்வளவுதான்" என்று மழுப்பி அனுப்பிய நாய் சில நாளில் தெருவுக்கே திரும்பிவிடும். உண்மையைக் கேட்டுவிட்டு ஏற்பவர் கைவிடமாட்டார்.

வலிப்பு மருந்துக்கு அடங்காமல், குட்டி தின்னவும் எழவும் முடியாமல் தவிக்கும் நாள் வந்தால் என்ன முடிவு எடுப்பது, யார் எடுப்பது என்பதையும் இப்போதே மருத்துவரோடும் காப்பகத்தாரோடும் பேசிவை. அந்த நேரத்தில் தெளிவாக யோசிக்க முடியாது.

கடைசியாக ஒன்று. இத்தனை பாடும் தடுக்கக்கூடியது. குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பதினாறு வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்று, ஓராண்டில் மறு ஊசி, பிறகு மருத்துவர் சொல்லும்போது. உன் தெருவில் இப்போது ஈன்றிருக்கும் நாயின் குட்டிகளை எண்ணிப் பார், நாலு வீட்டில் பணம் சேர், ஊசி போட்டுவிடு.

அன்புடன்,
அக்கா