படை லாரி வாங்கும் முன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

படையில் உழைத்து ஓய்ந்த லாரிகள், மத்திய அரசு நிறுவனமான எம்.எஸ்.டி.சி.யின் இணைய ஏலத்தில் விலைக்கு வருவதுண்டு. ஜெர்மனியின் மான் நிறுவன உரிமத்தில் 1959 முதல் 1996 வரை ஜபல்பூரில் உருவான சக்திமான் ஒன்று. அதன் இடத்துக்கு வந்த அசோக் லேலண்ட் ஸ்டாலியன் மற்றொன்று. நான்கு சக்கரமும் இழுப்பதால் ஜருகுமலை அடிவாரத் தோட்டத்துச் சேற்றில் இவை சிக்குவது அரிது. ஆசை பிறப்பதும் அதனால்தான்.

வண்டிக்கு முன் காகிதம். மத்திய மோட்டார் வாகன விதி 47, படையிடமிருந்து வாங்கிய வண்டிக்குப் படிவம் 21இல் அசல் விற்பனைச் சான்று கேட்கிறது. கழிவு இரும்பாக விற்ற வண்டி உதிரிபாகத்துக்குத்தான் ஆகும். ஆகவே ஏல அறிவிப்பின் நிபந்தனைகளைச் சேலம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் காட்டிக் கேட்ட பிறகே பணம் கட்டுவது முறை. விதி 121இன்படி ஆலிவ் பச்சை படை வண்டிக்கு மட்டும் உரியது. வாங்கியவர் வேறு வண்ணம் அடித்தாக வேண்டும். ஓட்டுபவருக்குக் கனரக உரிமம் வேண்டும்.

படை எண்ணில் அம்புக்குறியை ஒட்டிய இரண்டு இலக்கங்கள் ஆண்டைச் சொல்லும். ஆனால் வயதைவிட, வண்டி எத்தனை காலம் நின்றது என்பதே பெரிய கேள்வி. ஓடிய வண்டி தேயும். நின்ற வண்டி உள்ளுக்குள் கெடும். டீசல் டேங்கில் துரு சேரும், பிரேக் ஹோஸும் டயாஃப்ரமும் வெடிக்கும், சீல்கள் காய்ந்து எண்ணெய் கசியும். டயரின் பட்டன் தேயாமல் இருப்பதைக் கண்டு மயங்கக் கூடாது. பக்கவாட்டில் 1412 என்றிருந்தால் அது 2012ஆம் ஆண்டின் 14ஆம் வாரத்தில் செய்தது. அந்த ரப்பரை நம்பிச் சுமை ஏற்றலாகாது. லாக் ரிங் உள்ள சக்கரத்தில், வால்வு ஊசியைக் கழற்றிக் காற்றை முழுதும் இறக்காமல் யாரும் ஒரு நட்டைக்கூடத் தொடக் கூடாது. தெறிக்கும் ரிங் உயிரைப் பறிக்கும்.

பதிவில்லாத வண்டியை ஓட்டி வருவது குற்றம், ட்ரெய்லரில் ஏற்றி வருவதே சரி. முதலில் போக வேண்டிய இடம் நாமக்கல் பட்டறை, முதல் செலவு பிரேக். பெயின்டும் பாடியும் காத்திருக்கலாம்.

பழைய கியர்பெட்டி பலவற்றில் சிங்க்ரோமெஷ் கிடையாது. இரண்டு முறை கிளட்ச் மிதித்து, இடையில் எஞ்சின் வேகத்தைச் சரிசெய்து மாற்றும் பழக்கம் காலி மைதானத்தில் கைவர வேண்டும். நான்கு சக்கர இழுவை சேற்றுக்கும் மணலுக்கும் மட்டும். தார்ச் சாலையில் திரும்பும்போது முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு தூரம் உருளும். அதைச் சரிக்கட்ட வழியில்லாமல் அச்சும் பல்சக்கரமும் முறுக்கேறி உடையும்.

இறக்கத்தில் தொப்பூர் கணவாய் கற்றுத்தந்த பாடம் போதும். டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விட்ட லாரிகள் அங்கே எத்தனையோ உயிர்களைக் கொண்டுபோயின. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும், பள்ளம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். காற்று பிரேக் வண்டியில் அழுத்தமானி உரிய அளவுக்கு ஏறும்வரை சக்கரம் நகரக் கூடாது. அன்றாட ஓட்டம் முடிந்ததும் காற்றுத் தொட்டியின் அடிக்குழாயைத் திறந்து தேங்கிய தண்ணீரை வடித்துவிட வேண்டும்.

அன்புடன்,
மாமா
பனமரத்துப்பட்டி