விதைப்பும் தீபாவளி ஆர்டரும் சேர்ந்து வந்தால்

கரிசல் காட்டில் புரட்டாசி, ஐப்பசி விதைப்புக் காலம். தீபாவளி ஆர்டரும் அப்போதுதான் வந்து நிற்கும். கோவில்பட்டிப் பக்கம் மானாவாரி நிலமும் வைத்துக்கொண்டு கடலைமிட்டாயும் போடும் குடும்பம் திணறுவது இந்த இரண்டு மாதத்தில்தான்.

ஆடியிலேயே ஒரு பெரிய தாளில் விதைப்பு, ஆர்டர், பிள்ளைகளின் காலாண்டுத் தேர்வு, வீட்டு விசேஷம் நான்கையும் சேர்த்துக் குறியுங்கள். பென்சிலில் எழுதுங்கள், மழை தள்ளிப்போகும். பாகு காய்ச்ச என்றைக்கு ஆள் குறையும் என்பது முன்பே தெரிந்தால் வெளியாளுக்குச் சொல்லிவைக்கலாம்.

• கடலைக்கும் வெல்லத்துக்கும் வைத்த பணத்தில் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டாதீர்கள். வீட்டுச் செலவுக்கென்று மாதம் ஒரு தொகையைத் தனியே எடுத்துவிடுங்கள்.

• துண்டு போட்டு, பொட்டலம் கட்டும் அம்மாவுக்கும் மருமகளுக்கும் கூலி எழுதுங்கள். எழுதாமல் விலை வைத்தால், லாபம் என்று நீங்கள் எண்ணுவது அவர்கள் வாங்காத சம்பளம். இதில் சமரசமே கூடாது. அவரவர் வங்கிக் கணக்கிலேயே போடுங்கள்.

• சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். இடைத்தரகருக்குக் காசு தர வேண்டாம். கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த முத்திரையைப் போட, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்திருக்க வேண்டும்.

• ராத்திரி சாப்பாட்டில் கணக்குப் பேச்சு வேண்டாம். ஞாயிறு காலை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். படிக்கிற பிள்ளையும் கூட உட்காரட்டும்.