பழைய மடிக்கணினி மின்கலங்கள் மின்சைக்கிளை ஓட்டுமா?

மாணவர்களே, பழுதான பழைய மடிக்கணினியின் மின்கலப் பெட்டிக்குள் பெரும்பாலும் 18650 வகை லித்தியம் அயனி மின்கலங்கள் இருக்கும். விட்டம் 18 மில்லிமீட்டர், நீளம் 65 மில்லிமீட்டர் என்பதால் அந்தப் பெயர். ஆறு மின்கலங்களில் ஒன்றிரண்டு தளர்ந்தாலே முழுப் பெட்டியும் பயனற்றதாகிவிடும். மீதமுள்ளவற்றைக் கொண்டு மின்சைக்கிளை ஓட்டலாமா? முதலில் கணக்கிட்டுப் பார்ப்போம்.

ஒரு மின்கலத்தின் மின்னழுத்தம் 3.6 வோல்ட், கொள்ளளவு 2.2 ஆம்பியர்-மணி எனக் கொள்வோம்.

தொடர் இணைப்பில் மின்னழுத்தம் கூடும்: 10 × 3.6 = 36 வோல்ட்.
பக்க இணைப்பில் கொள்ளளவு கூடும்: 4 × 2.2 = 8.8 ஆம்பியர்-மணி.
தேவையான மின்கலங்கள்: 10 × 4 = 40.
ஆற்றல்: 36 × 8.8 = ஏறக்குறைய 317 வாட்-மணி.

250 வாட் மோட்டாரை ஒரு மணி நேரத்திற்கு மேல் இயக்க இது போதும். தாளில் கணக்குச் சரிதான். பிறகு ஏன் ஆபத்து?

பழைய மின்கலங்கள் ஒன்றுபோல் தளர்வதில்லை. பத்துக் குழுக்களில் ஒன்றின் கொள்ளளவு 6 ஆம்பியர்-மணியாகக் குறைந்திருக்கட்டும். தொடர் இணைப்பில் எல்லாக் குழுக்களிலும் ஒரே மின்னோட்டம்தான் பாயும். எனவே அந்தக் குழுவே முதலில் காலியாகும். மின்னேற்றும்போது முதலில் நிரம்பும். மின்னேற்றி 42 வோல்ட் என்ற மொத்தத்தை மட்டுமே பார்க்கும். மற்ற குழுக்கள் நிரம்புவதற்குள், நலிந்த குழு 4.2 வோல்ட் என்ற எல்லையைத் தாண்டிவிடும். அப்போது உள்ளே வெப்பம் பெருகும். வெப்பம் வேதிவினையை விரைவுபடுத்தும். வினை மேலும் வெப்பத்தைத் தரும். மின்பகுபொருள் எரியக்கூடியது என்பதால் ஒரு மின்கலத்தின் தீ அடுத்ததற்குப் பரவும்.

ஒவ்வொரு குழுவையும் கண்காணிக்கும் மின்கல மேலாண்மைச் சுற்று இதைத் தடுக்கும். ஆனால் பக்க இணைப்பிலுள்ள நான்கையும் அது ஒன்றாகவே அளக்கும். அவற்றுள் ஒன்றில் உள்ளே குறுக்குச்சுற்று ஏற்பட்டால், மற்ற மூன்றும் தம் மின்னோட்டத்தை அதற்குள் செலுத்தும். அதை இச்சுற்றால் நிறுத்த முடியாது.

அதனால் இதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். அடுக்குமாடி வீட்டில் வாசலருகே மின்னேற்றும் சைக்கிள் தீப்பிடித்தால், வெளியேறும் வழியே அடைபடும். சிங்கப்பூரில் மின்சைக்கிள்கள் ஈ.என். 15194 தரத்திற்கு உட்பட்டிருக்க வேண்டும். விருப்பம்போல் மாற்றியமைப்பது சட்டப்படி குற்றம்.

செய்து பாருங்கள்: ஆசிரியர் முன்னிலையில், இரண்டு புதிய உலர் மின்கலங்களையும் பயன்படுத்திய ஒன்றையும் தொடராக இணைத்துச் சிறு பல்பை எரியவிடுங்கள். சில நிமிடங்களுக்கு ஒவ்வொன்றின் மின்னழுத்தத்தையும் அளந்து குறியுங்கள். எது அதிகம் குறைகிறது?

சிந்திக்க: மேற்கண்ட 317 வாட்-மணியில், நலிந்த குழுவால் உண்மையில் எவ்வளவு பயன்படும்?
(விடை: 36 × 6 = 216 வாட்-மணி)