இலையுதிர் காலக் காவல்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இலைகள் சிவந்து உதிரும் காலமே வேட்டைக் காலம். நவம்பர் 15 முதல் 30 வரை துப்பாக்கியால் மான் வேட்டையாடலாம். உரிமம் வேண்டும், பளிச்சென்ற ஆரஞ்சு நிற உடையும் வேண்டும். அந்நிறம் மானின் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, மற்ற வேட்டைக்காரர் கண்ணுக்குத் தப்பாது. வியப்பாக இருக்கிறதல்லவா?

இவற்றைக் கண்காணிப்பவர்களே இயற்கைவளக் காவல் அதிகாரிகள். முட்டையிட ஆற்றை எதிர்த்து நீந்தி வரும் சால்மன் மீன்களின் உடலில் கொக்கியை மாட்டி இழுப்பவர்களை, கரையில் மறைந்திருந்து பிடிப்பார்கள். இரவில் விளக்கொளி பாய்ச்சி, மான் திகைத்து நிற்கையில் சுடுவோரும் உண்டு. துப்பாக்கி ஏந்தியவர்களிடையே பெரும்பாலும் தனியாகச் செல்லும் வேலை இது!

இத்தனை காவல் எதற்கு என்றே மாணவியராகிய நாம் முதலில் எண்ணினோம். அதே மாநிலத்தில், பெட்டோஸ்கி என்னும் ஊரருகே 1878இல் கூடு கட்டியிருந்த பயணப் புறாக்களை லட்சக்கணக்கில் கொன்று, பீப்பாய்களில் அடைத்து வெளியூர்ச் சந்தைகளுக்கு அனுப்பினார்கள். சம்பளம் பெறும் முதல் வேட்டைக் காவலரை மிச்சிகன் நியமித்தது 1887இல்தான். புறாக்களுக்கு அது காலங்கடந்த உதவி. அவ்வினத்தின் கடைசிப் பறவையான மார்த்தா, 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்குக் காட்சிச்சாலையில், கூண்டுக்குள் இறந்தது.