பரணில் ஏறுவது யார்?



வாசல் தெளிக்கிறோம், தரை மெழுகுகிறோம், பானை சட்டி தேய்க்கிறோம். தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்ப்பதோ வருஷத்துக்கு ஒரு தடவை, போகி வரும்போதுதான். அல்லது வீட்டில் பிள்ளைப்பேறு நெருங்கும்போது. "குழந்தை வர்றதுக்குள்ளே வீட்டைச் சுத்தம் பண்ணிடணும்" என்று மனைவிக்குத் தோன்றும். நல்ல எண்ணம்தான். கணவன் காட்டு வேலைக்குப் போயிருப்பான். அவள் மரப்பெட்டியின் மேல் முக்காலியைப் போட்டு, ஏழு மாத வயிற்றோடு அதன்மேல் ஏறி ஒட்டடை அடிப்பாள்.

இந்தப் பிரசுரம் அந்த முக்காலியைப் பற்றியது.

நம் கொல்லிமலையில் முன்பு புல் வேய்ந்த வீடுகளே அதிகம். இப்போது ஓடு, ஷீட், கான்கிரீட் தளம் எல்லாம் வந்துவிட்டன. ஆனாலும் குளிருக்கும் வெந்நீருக்கும் விறகு எரிகிற வீடு இன்னும் உண்டு. அந்தப் புகைதான் பரணிலும் சட்டத்திலும் கரியாகப் படிகிறது. காற்று அடித்தால் அந்தக் கரி சோற்றுப் பானையில் விழும், தூளியில் கிடக்கும் குழந்தையின் கண்ணில் விழும். எலிப் புழுக்கை, பல்லி எச்சம், பூச்சிக் கூடு எல்லாம் அதோடு சேர்ந்தே வரும்.

"புகை இருந்தாத்தான் விதை கெடாது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது பொய்யல்ல. அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்ட சாமை, தினை, ராகிக் கதிரைப் பூச்சி சீக்கிரம் அண்டாது. ஆனால் பூச்சியை விரட்டும் புகை நம் நெஞ்சை மட்டும் விட்டுவைக்குமா? வீட்டுக்குள் அடைபடும் அடுப்புப் புகையால் 2020-இல் உலகம் முழுவதும் சுமார் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. குழந்தைக்கு நிமோனியா வருவதற்கும், பிறக்கும் குழந்தை எடை குறைவாக இருப்பதற்கும் இந்தப் புகை ஒரு காரணம். ஆகவே விதைக் கட்டு இருக்கட்டும், அதைப் பத்திரமாக இறக்கி வைத்துவிட்டுக் கரியை அடியுங்கள். அடுப்புக்கு மேலே புகை வெளியேற ஒரு வழியும் வையுங்கள். வழி இல்லாவிட்டால் அடித்த கரி மறு மாதமே திரும்பி வந்துவிடும்.

யார் ஏறலாம், யார் ஏறக்கூடாது

கர்ப்பிணி ஏறக்கூடாது. எத்தனையாவது மாதமானாலும் சரி. வயிறு முன்னே தள்ளும்போது உடம்பின் நிதானம் மாறிவிடுகிறது. மூட்டுகள் இளகுகின்றன, கையைத் தூக்கி மேலே பார்த்தால் தலை சுற்றுகிறது. வயிற்றில் அடிபட்டால் நஞ்சுக்கொடி கருப்பையை விட்டுப் பிரிந்துவிடக்கூடும். சில சமயம் ரத்தம் வெளியே தெரியாமல் உள்ளேயே தேங்கும். "ஒண்ணும் ஆகலே, லேசாத்தான் இடிச்சது" என்று படுத்துவிடுவதால்தான் தாயையும் சேயையும் இழக்க நேரிடுகிறது. விழுந்த கர்ப்பிணியை அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். வயிறு கல் மாதிரி இறுகினாலோ, வலித்தாலோ, உதிரம் பட்டாலோ, குழந்தை அசைவது குறைந்தாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்கலாகாது.

ஏணியைப் பிடித்துக்கொள்வதும் கர்ப்பிணியின் வேலை அல்ல. மேலே இருப்பவர் சறுக்கினால் அவள் மேல்தானே விழுவார்? அந்த நேரம் அவளும் குழந்தைகளும் பக்கத்து வீட்டில் இருக்கட்டும். பிரசவம் ஆன புதிதிலும் ஏற வேண்டாம். குடும்பநல அறுவை சிகிச்சை செய்துகொண்ட தாய் இரண்டு வாரத்துக்குப் பரண் ஏறுவதும் பாரம் தூக்குவதும் கூடாது. அறுவை செய்துகொண்ட ஆணும் முதல் ஒரு வாரம் பொறுக்க வேண்டும்.

அப்படியானால் மீதி நாளெல்லாம் யார்? கணவன்மார்களே, உங்களைத்தான் கேட்கிறோம். மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தில் சரசரவென்று ஏறுகிறீர்கள். சொந்த வீட்டுப் பரணில் ஏறினால் மட்டும் மரியாதை குறைந்துவிடுமா? (குடித்திருக்கும் நாளில் மட்டும் ஏறாதீர்கள். வயசான அப்பாவையும் ஏற்றிவிடாதீர்கள்.)

அறுவடைத் தானியம் ஏறுவதற்கு முன், பரண் காலியாக இருக்கும் ஒரு நாளில் காலையிலேயே தொடங்குங்கள். அடுப்பை அணைத்துவிடுங்கள். குடிதண்ணீர், மாவு, படுக்கை, தூளி எல்லாவற்றையும் வெளியே எடுங்கள், அல்லது மூடுங்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். நீண்ட மூங்கிலின் நுனியில் விளக்குமாற்றைக் கட்டிக்கொண்டால் பாதி வேலை தரையில் நின்றபடியே முடிந்துவிடும். மூலையிலிருந்து வாசலை நோக்கி அடித்து வாருங்கள். ஓட்டுச் சந்திலும் பரண் இருட்டிலும் வெறுங்கையை விடாதீர்கள். டார்ச் அடித்துப் பார்த்து, கம்பால் தட்டிய பிறகே கை வையுங்கள். தேளோ பாம்போ இருக்கலாம். குளவிக் கூட்டுக்குத் தீப்பந்தம் பிடிப்பது சிலர் வழக்கம். புல் கூரை பற்றிக்கொண்டால் அணைக்கத் தண்ணீர் எங்கே?

கண்ணில் கரி விழுந்தால் கசக்காமல் சுத்தமான தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள். தாய்ப்பால், இலைச்சாறு எதுவும் விட வேண்டாம்.

கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஷீட் போட்ட வீட்டில் வேறு முறை. அதை உலர்ந்த விளக்குமாற்றால் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத நார் பறந்து நுரையீரலில் தங்கிவிடும். பல வருஷம் கழித்துப் புற்றுநோய் வரலாம். ஒட்டடையை மட்டும் ஈரத்துணி கட்டிய கம்பால் மெல்ல ஒற்றி எடுங்கள். சுரண்டாதீர்கள். அந்தத் துணியை உதறாமல் பையில் கட்டி எறிந்துவிடுங்கள். ஷீட்டின் மேல் கால் வைத்தால் உடைந்து உள்ளே விழுவீர்கள்.

விளக்கைத் துடைக்கப் பகலே நேரம். சுவரில் உள்ள ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது. வயரை மாற்றிக் கட்டியிருந்தால், ஸ்விட்ச் அணைந்திருந்தாலும் ஹோல்டரில் மின்சாரம் இருக்கும். மெயின் ஸ்விட்சை அணைத்து, பல்பு ஆறிய பிறகு கழற்றித் துடையுங்கள். ஹோல்டருக்குள் ஈரத்துணி போகவே கூடாது. யாருக்காவது ஷாக் அடித்தால் அவரைத் தொடாமல் முதலில் மெயினை அணையுங்கள். பழைய ட்யூப்லைட் உடைந்தால் அதில் பாதரசம் உண்டு. கதவைத் திறந்துவிட்டுக் கால் மணி நேரம் எல்லோரும் வெளியே இருங்கள், பிறகு அட்டையால் வாரிக் கட்டுங்கள். விளக்குமாறு போட்டுப் பெருக்க வேண்டாம்.

இவ்வளவு பார்த்தும் ஒருவர் விழுந்துவிட்டால்?

காரவள்ளி வழியாகக் கீழே இறங்க 70 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பது உங்களுக்குத் தெரியும். முதுகோ கழுத்தோ வலிக்கிறது என்பவரை அந்த வளைவுகளில் உட்கார வைத்துக் கொண்டுபோனால் எலும்பு முறிவு பெரிதாகிக் கால் விளங்காமல் போகலாம். அவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள், குடிக்கவும் கொடுக்காதீர்கள். வண்டி வராத ஊரில் வேட்டியில் தூளி கட்டித் தூக்குவார்கள். தூளியில் முதுகு வளைந்துவிடும். ஒரு கதவுப் பலகையைக் கழற்றுங்கள். நாலு பேர் சேர்ந்து தலை, முதுகு, கால் ஒரே நேராக இருக்கும்படி அதில் கிடத்திச் சாலை வரைக்கும் கொண்டுவாருங்கள். அதற்குள் இன்னொருவர் 108-க்குப் போன் செய்யட்டும். எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தார், நினைவு இருக்கிறதா, பெண்ணானால் எத்தனை மாதம் என்பதை அப்போதே சொல்லிவிடுங்கள்.